இளமைப் பெயர் மரபும் மொழிபெயர்ப்பும்: ‘பிச்சூ’ என்னும் புனைவுயிரை முன்வைத்து

1. முன்னுரை

குழந்தைகளுக்கான படைப்புகள் மொழிபெயர்க்கப்படும்போது பெயர்ச்சொற்களே முதற் சிக்கலாக அமைகின்றன. மனிதப் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை ஒலிபெயர்த்து எழுதும் மரபு தமிழில் நிலைபெற்றுள்ளது. ஆனால் உலகில் இல்லாத ஓர் உயிரினத்துக்கு ஒரு மொழியில் ஆக்கப்பட்ட பெயரை இன்னொரு மொழியில் எவ்வாறு தருவது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அவ்வுயிரினம் குட்டியாகவும் இருக்குமாயின் சிக்கல் இரட்டிக்கிறது. பெயர் ஒன்று, இளமையைக் குறிக்கும் சொல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கையாளுவதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணமாகிறது.

போக்கிமான் என்னும் ஜப்பானிய நிகழ்பட விளையாட்டு வரிசையில் இடம்பெறும் ‘பிச்சூ’ இதற்குத் தக்க சான்று. இவ்வரிசையின் கதைகளைக் கொண்ட கேலிச்சித்திரத் தொடர் தமிழிலும் தெலுங்கிலும் குரல்மாற்றம் பெற்று இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியுள்ளது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் சித்தூர், திருப்பதி வட்டாரக் குழந்தை இரு வடிவங்களையும் கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியது. ஒரே உயிரினத்தை இரு திராவிட மொழிகளில் ஒருசேர அறியும் அக்குழந்தையின் நிலையிலிருந்து இச்சிக்கலை நோக்குவது மொழிபெயர்ப்பாளருக்குப் பயன் தரும். பிச்சூ என்னும் பெயரை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை என்பதும், அதன் இளமையைக் குறிக்கும் சொல்லைக் கட்டாயம் மொழிபெயர்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாம்.

2. பெயரின் பிறப்பு

போக்கிமான் வரிசையின் முதல் விளையாட்டுகள் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தன. மஞ்சள் நிற எலியாகிய பிக்காச்சூ அவற்றிலேயே இடம்பெற்றது. ஜப்பானிய மொழியில் ‘பிக்கா’ என்பது பளிச்சிடுதலைக் குறிக்கும் ஒலிக்குறிப்பு. ‘சூ’ என்பது எலி கீச்சிடும் ஒலி. மின்னலை வெளிவிடும் எலிக்கு இவ்விரண்டும் சேர்ந்த பெயர் பொருந்திற்று. அதன் முதிர்ந்த வடிவம் ராய்ச்சூ.

1999 நவம்பரில் வெளிவந்த ‘தங்கம்’, ‘வெள்ளி’ என்னும் இரண்டாம் தலைமுறை விளையாட்டுகளில் முட்டையிடுதலும் குஞ்சு பொரித்தலும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அப்போது பிக்காச்சூவுக்கு முந்திய பருவமாகப் பிச்சூ ஆக்கப்பட்டது. இத்தகைய இளம் உயிரினங்கள் இரண்டாம் தலைமுறையில் 8, மூன்றாம் தலைமுறையில் 2, நான்காம் தலைமுறையில் 8, எட்டாம் தலைமுறையில் 1 என மொத்தம் 19 உள்ளன. இவை முட்டையிலிருந்து வெளிவருவன. வளர்ந்து அடுத்த வடிவத்தை அடையும் வரை தாமே இனப்பெருக்கம் செய்ய இயலாதன.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. கதையில் பிச்சூ வளர்ந்து பிக்காச்சூ ஆகிறது. மொழியிலோ பிக்காச்சூ குறுகிப் பிச்சூ ஆயிற்று. உயிரின் வளர்ச்சி முன்னோக்கியும், சொல்லின் ஆக்கம் பின்னோக்கியும் செல்கின்றன. பெயரின் நடுவிலுள்ள ககர உயிர்மெய் நீக்கப்பட்டுக் குட்டியின் பெயர் பெறப்பட்டது.

தமிழ் இலக்கணம் இத்தகைய குறைதலை முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என மூவகைப்படுத்துகிறது. தாமரை ‘மரை’ என நிற்பது முதற்குறை. ஓந்தி ‘ஓதி’ என நிற்பது இடைக்குறை. நீலம் ‘நீல்’ என நிற்பது கடைக்குறை. செய்யுள் நோக்கி வகுக்கப்பட்ட இவ்விலக்கணம் குட்டிப் பெயர்களின் ஆக்கத்தை விளக்கவும் பயன்படுகிறது. பிக்காச்சூ பிச்சூ ஆவது இடைக்குறை. ஜப்பானியத்தில் ‘பிப்பி’ எனப்படும் உயிரினத்தின் குட்டி ‘பீ’ எனப்படுவது கடைக்குறையை ஒத்தது. ஆங்கிலத்தில் ‘ஜிக்லிபஃப்’ என்பதன் குட்டி ‘இக்லிபஃப்’ எனப்படுவது முதல் மெய் நீங்கியதால் முதற்குறையை ஒத்தது. இதே குட்டிக்கு ஜப்பானியப் பெயர் வேறு முறையில் அமைகிறது. ‘புரின்’ என்பதன் முதலசை இரட்டித்துப் ‘புபுரின்’ ஆகிறது. சொல் குறுகினும் அசை இரட்டினும் மழலையைக் குறிக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

எனவே பிச்சூ என்பது தனித்து நிற்கும் இடுகுறிப் பெயரன்று. பிக்காச்சூ என்னும் பெயரோடு ஒப்புநோக்கும்போதே அதன் பொருள் முழுமை பெறும். இத்தொடர்பு அறுபடாமல் காப்பது ஒலிபெயர்ப்பாளரின் முதற்கடமை.

3. எழுத்தும் ஒலியும்

இத்தொடர்பைத் தமிழ் எழுத்தில் காப்பது தோன்றுமளவு எளிதன்று. தமிழில் வல்லினம் இரு உயிர்களுக்கிடையே தனித்து வரும்போது மெலிந்து ஒலிக்கும். ‘பசு’ என்பதிலுள்ள சகரமும் ‘பகல்’ என்பதிலுள்ள ககரமும் இதற்குச் சான்று. ஆதலால் ‘பிசூ’ என எழுதினால் மூலத்தின் சகர ஒலி கிடைக்காது. ஒற்றை இரட்டித்துப் ‘பிச்சூ’ என எழுதுவதே வழி. பிக்காச்சூ என்பதில் ககரமும் சகரமும் இரட்டிப்பதும் இக்காரணத்தாலேயே.

இறுதி உயிரே அடுத்த சிக்கல். மூலத்தில் அது நெடில். தமிழில் ‘பிச்சு’ எனக் குறிலாக்கி எழுதினால் அது வன்தொடர்க் குற்றியலுகரமாகி, இதழ் குவியாது அரை மாத்திரையில் ஒலிக்கும். எலி கீச்சிடும் ஒலியாகிய ‘சூ’ அங்கு மறைந்துவிடும். அதனோடு, பேச்சுத் தமிழில் ‘பிய்த்து’ என்பதன் திரிபாகிய ‘பிச்சு’ என்னும் வினையெச்சமும் குறுக்கிடும். ஒரு குட்டியின் பெயர் கிழித்தெறிதலை நினைவூட்டுவது விரும்பத்தக்கதன்று.

சித்தூர்க் குழந்தையின் செவியில் இன்னொரு குறுக்கீடும் நிகழ வாய்ப்புண்டு. தெலுங்கில் சிட்டுக்குருவிக்குப் ‘பிச்சுக’ என்று பெயர். பித்துக்குப் ‘பிச்சி’ என்று பெயர். ‘பிச்சு’ எனக் குறிலில் நிறுத்தினால் எலியின் பெயர் குருவியின் பெயரை ஒட்டி நிற்கும். நெடிலாகிய ‘சூ’ இவ்விரு மொழிக் குறுக்கீடுகளையும் ஒருங்கே விலக்குகிறது. ஆகவே ‘பிச்சூ’ என்னும் வடிவமே ஏற்புடையது.

பெயரின் நீளத்துக்கும் உயிரினத்தின் பருமைக்கும் தொடர்புண்டு என்பதை ஜப்பானிய ஒலியியலாளர் ஷிகெட்டோ கவஹாராவும் அவருடன் ஆய்ந்தோரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர். எழுநூற்றுக்கு மேற்பட்ட போக்கிமான் பெயர்களை அவர்கள் ஆராய்ந்தனர். பெயரின் மாத்திரையளவு கூடக் கூடவும், ஒலிப்புடைய தடையொலிகள் மிக மிகவும், அவ்வுயிரினத்தின் உயரம், எடை, ஆற்றல், வளர்ச்சிப் படி ஆகியவை மிகும் போக்கு அவற்றில் காணப்பட்டது. பின்னர்ப் பிற மொழிகளிலும் இத்தகைய ஆய்வுகள் நிகழ்ந்தன.

மாத்திரைக் கணக்கு தமிழிலக்கணத்துக்குப் புதிதன்று. பிச்சூவின் உயரம் 0.3 மீட்டர், எடை 2 கிலோகிராம் என விளையாட்டில் தரப்பட்டுள்ளது. பிக்காச்சூ 0.4 மீட்டரும் 6 கிலோகிராமும் உடையது. ஜப்பானியப் பெயர்களில் இவை முறையே 3, 4 மாத்திரையளவு பெறும். தமிழ் எழுத்து வடிவில் பிச்சூ மூன்றரை மாத்திரையும், பிக்காச்சூ ஆறு மாத்திரையும் பெறுகின்றன. குட்டியின் பெயர் சிறிது, வளர்ந்ததன் பெயர் பெரிது என்னும் உறவு தமிழில் சிதையவில்லை. ஓரளவு வலுப்பெறவும் செய்கிறது.

ஒலிப்பு வேறுபாட்டின் நிலை இதற்கு மாறானது. தமிழ் எழுத்து ஒலிப்புடைய தடையொலியையும் ஒலிப்பிலாத் தடையொலியையும் வேறுபடுத்துவதில்லை. தெலுங்கு எழுத்து வேறுபடுத்துகிறது. ஆகவே ‘புபுரின்’ என்பதன் இரு பகரங்களும் ஒலிப்பிலாதவை என்பதைத் தெலுங்கு எழுத்து அவ்வாறே காட்டும். தமிழ் எழுத்தில் இரண்டாம் பகரம் இயல்பாகவே ஒலிப்புப் பெற்றுவிடும்; ‘புப்புரின்’ என இரட்டித்தால்தான் தடுக்கலாம். வன்மையும் பருமையும் தோன்ற மூலத்தில் அமைந்த ஒலிப்பொலிகளைத் தமிழ் எழுத்து தனித்துக் காட்டாது. இவ்விழப்பை மொழிபெயர்ப்பாளர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

எனினும் தமிழுக்கு ஈடு ஒன்றுண்டு. சொன்முதற் பகரம் தமிழில் இயல்பாக ஒலிப்பின்றியே வரும். ஜப்பானியர் செவியில் இப்பகர ஒலி மென்மையும் மழலையும் தோற்றுவிப்பது என ஆய்வுகள் குறிக்கின்றன. பிச்சூ, பீ, புபுரின் ஆகிய குட்டிப் பெயர்கள் பகரத்தில் தொடங்குவது கருதத்தக்கது. தமிழின் பார்ப்பு, பறழ், பிள்ளை, பிஞ்சு, பாப்பா ஆகிய சொற்களும் பகர முதலாகவே உள்ளன. இதனை விதியெனக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் பிச்சூ என்னும் பெயர் தமிழ்க் குழந்தையின் நாவுக்கு அயலாகப் படாமைக்கு இவ்வொலியமைப்பும் துணைசெய்யக் கூடும்.

4. பெயரா, குரலா

பிச்சூ என்பதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்றை ஆக்கிக்கொள்ளலாகாதா என்னும் வினா எழும். ‘மின்னெலி’ போன்ற ஆக்கங்கள் பொருள் விளக்கம் உடையன. ஆனால் கேலிச்சித்திரத் தொடரில் இவ்வுயிரினங்கள் தத்தம் பெயரையே குரலாக எழுப்புகின்றன. பிச்சூ பேசுவது ‘பிச்சூ’ என்னும் ஒன்றையே. மகிழ்ச்சி, அச்சம், அழைப்பு ஆகிய அனைத்தும் அப்பெயரை ஏற்றியும் இறக்கியும் சொல்லும் இசையால் உணர்த்தப்படுகின்றன. பெயரை மாற்றினால் குரலை மாற்ற வேண்டும். எந்தக் குஞ்சும் ‘மின்னெலி’ எனக் கீச்சிடாது.

குரலே பெயராவது தமிழுக்கு அயலானதன்று. ‘கா’ எனக் கரைவது காகம்; ‘கூ’ எனக் கூவுவது குயில். ஒலிக்குறிப்பு அடிப்படையிலான இத்தகைய பெயர்களைக் காரணப்பெயராகக் கொள்வதில் தடையில்லை. பிச்சூவும் அவ்வகையினதே. ஆதலின் அதனை ஒலிபெயர்த்து நிறுத்துவது சோம்பலாலன்று. இலக்கணத் தகுதி பற்றியே.

பிற மொழிகளின் நடைமுறையும் இதனை உறுதிப்படுத்துகிறது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்கள் பல உயிரினங்களுக்குத் தம் மொழியில் பெயர் ஆக்கியுள்ளனர். ரோஜாச் செடியின் இளநிலையாகிய ஒரு குட்டிக்கு ஜப்பானியப் பெயர் மொட்டு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது மொட்டும் பனியும் இணைந்த ‘பட்யூ’ ஆயிற்று. பிரெஞ்சில் ரோஜா மொட்டு எனப் பொருள்தரும் ‘ரோஸ்பூத்தோன்’ ஆயிற்று. ஜெர்மனில் மொட்டு என்னும் சொல்லோடு செல்ல விகுதி சேர்ந்து ‘க்னோஸ்பி’ ஆயிற்று. அதே மொழிபெயர்ப்பாளர்கள் பிச்சூவை மட்டும் பிச்சூவாகவே விட்டனர். பொருளால் நிற்கும் பெயரைப் பெயர்த்தலும், ஒலியால் நிற்கும் பெயரைக் காத்தலும் இதிலிருந்து பெறப்படும் நெறி.

இந்நெறியின்படி, பட்யூ என்பதைத் தமிழில் ‘அரும்பு’ எனத் தயங்காமல் பெயர்க்கலாம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களைத் தனித்தனிச் சொற்களால் குறிக்கும் மொழி தமிழ். பருவந்தோறும் பெயர் மாறும் உயிரினத்துக்கு இதனினும் பொருத்தமான சொல்வளம் வேறு மொழியில் கிடைப்பது அரிது.

5. இளமைப் பெயரைத் தெரிதல்

பெயர் அவ்வாறே நிற்குமாயின், மொழிபெயர்ப்பாளரின் உண்மையான பணி எங்கே தொடங்குகிறது? ‘பேபி’ என்னும் ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது. இவ்வகை உயிரினங்களை ஆங்கிலம் ‘பேபி போக்கிமான்’ என்கிறது. இதனை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது எளிய வழி. எளிய வழியாயினும் அது மொழிபெயர்ப்பாகாது. காரணம், ஆங்கிலம் ஒரு சொல்லால் முடிக்குமிடத்தில் தமிழ் தெரிவு செய்யுமாறு பணிக்கிறது.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எவ்வுயிருக்கு எது உரியது என்பதும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளது. பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் பார்ப்பும் பிள்ளையும் உரியன. நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றுக்குக் குருளை உரியது. ஆடு, குதிரை, மான் வகை ஆகியவற்றுக்கு மறி உரியது. மக்களுக்குக் குழவியும் மகவுமே உரியன. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று ஆகியன பொருந்தும். நெல்லும் புல்லும் இதற்கு விலக்கு. மரபு என்பது இங்கே வெறும் பழமையைக் குறிக்கவில்லை. உலகை இனம் பிரித்து நோக்கும் முறையாக அது அமைகிறது.

எலிக்குரிய இளமைப் பெயர் எது? கீரி, வெருகு, அணில் ஆகியவற்றோடு எலியையும் சேர்த்துக் குட்டி என்னும் பெயரைத் தொல்காப்பியம் வழங்குகிறது. பறழ் எனினும் குற்றமில்லை என்கிறது. இன்றைய வழக்கோ எலிக்குஞ்சு என்பதே. ‘குஞ்சு’ தொல்காப்பியர் கூறும் ஒன்பதனுள் இல்லை. இன்று அது கோழி, மீன், எலி ஆகிய மூன்றுக்கும் பொதுவாய் நிற்கிறது. நூல்வழக்கு ஒன்றையும் உலகவழக்கு மற்றொன்றையும் கூறும் இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் எதைக் கொள்வது?

விடை காண மூலத்தை நோக்குதல் வேண்டும். ஜப்பானிய விளையாட்டில் பிக்காச்சூவின் வகைப்பெயர் ‘எலிப் போக்கிமான்’. பிச்சூவின் வகைப்பெயர் ‘கொநெசுமிப் போக்கிமான்’. ‘நெசுமி’ எலியைக் குறிக்கும். ‘கொ’ என்னும் முன்னொட்டு சிறுமையையும் குழவித் தன்மையையும் குறிக்க வல்லது. ஆங்கிலம் இதனை மிகச்சிறிய எலி எனப் பெயர்த்தது. சிறுமை வந்தது, இளமை விடுபட்டது. தமிழில் ‘குட்டி’ என்னும் சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே உடையது. நாய்க்குட்டி என்பதில் அது இளமை. குட்டித் தீவு, குட்டிக் கதை என்பனவற்றில் அது சிறுமை. ஆகவே ‘குட்டியெலிப் போக்கிமான்’ என்னும் பெயர்ப்பு ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு அணுக்கமானது. தொல்காப்பிய மரபுக்கும் ஏற்றது. ஆங்கிலத்தை மட்டும் மூலமாகக் கொண்டு பெயர்ப்போர் இவ்வாய்ப்பை இழப்பர்.

உரையாடலில் அவ்வுயிரினத்தைச் சுட்டும்போது ‘குஞ்சு’ என்பதே பொருந்தும். இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, எலியின் இளமைக்கு இன்று வழங்கும் சொல் அதுவே. இரண்டாவது, பிச்சூ முட்டையிலிருந்து வெளிவருகிறது. உலகில் எலி முட்டையிடாது; இப்புனைவில் எலியும் முட்டையில் தோன்றும். எலிக்கும் முட்டைக்கும் பொதுவான இளமைப் பெயர் குஞ்சு ஒன்றே. ‘முட்டை பொரிந்து குஞ்சு வந்தது’ என்று சொல்லும்போது இப்புனைவு தமிழில் செயற்கையாகத் தோன்றாது. இச்சொல்லுக்குப் பேச்சுவழக்கில் இடக்கர்ப் பொருளும் உண்டு என்று தயங்குவோர் உளர். அப்பொருள் சொல் தனித்து நிற்குமிடத்து எழுவது. எலிக்குஞ்சு, கோழிக்குஞ்சு எனத் தொகையில் நிற்கும்போது எழுவதில்லை.

19 இளம் உயிரினங்களுக்கும் ஒரே சொல்லை வழங்க இயலாது என்பதும் இதனால் பெறப்படும். நாயையும் நரியையும் ஒத்த ரியோலுவுக்குக் குட்டி இன்றைய வழக்கு, குருளை நூல்வழக்கு. திருக்கை மீன் வடிவினதாகிய மேன்டைக்குக் குஞ்சு பொருந்தும். தொட்டிமரம் போலத் தோன்றும் பான்ஸ்லிக்குக் கன்று பொருந்தும். மனித வடிவை ஒத்தவற்றுக்குக் குழந்தை அல்லது பாப்பா எனலாம். அனைத்தையும் தொகுத்துச் சுட்டும் பட்டியல்களில் ‘இளம்பருவம்’ என்னும் எளிய தொடர் போதுமானது. குழவி என்னும் சொல் மக்கள் முதல் மரஞ்செடி வரை பரவி நிற்பதாயினும், இன்றைய குழந்தைக்கு அது அம்மிக் குழவியையே நினைவூட்டும்.

ஒவ்வொரு முறையும் இவ்வாறு தெரிவு செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் அப்புனைவுயிர் எவ்வினத்தது என்பதையும் முடிவு செய்கிறார். மூலத்தில் ஐயத்துக்கு இடமாக விடப்பட்டது தமிழில் வெளிப்படையாகிவிடும். ஓட்டை நீங்காத முட்டை வடிவில் திரியும் டோகெப்பி பறவையா, வேறொன்றா என மூலம் உடனே சொல்வதில்லை. ‘டோகெப்பிக் குஞ்சு’ என்றதும் தமிழ்க் குழந்தை விடையைப் பாதி அறிந்துவிடும். இது இழப்பா, ஊதியமா என்பது இடந்தோறும் சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டியது. சீர்தூக்காமல் ‘பேபி’ என எழுதுவதே தவறு.

6. வேங்கடத்தின் இருபுறமும்

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். அவ்வேங்கடமே இன்றைய திருப்பதி மலை. சென்னை மாகாணத்தில் 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; சத்தியவேடு பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் பலமுறை நகர்ந்தும், நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய இடங்களில் இரு மொழிகளும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கிவருகின்றன.

இவ்வட்டாரக் குழந்தை பிச்சூவைத் தெலுங்கில் அறியும்போது இளமைப் பெயர்ச் சிக்கல் எழுவதில்லை. எலியின் குஞ்சு தெலுங்கில் ‘எலுக பில்ல’. கோழிக்குஞ்சு ‘கோடி பில்ல’. ஆட்டுக்குட்டி ‘மேக பில்ல’. நாய்க்குட்டி ‘குக்க பில்ல’. தமிழ் குஞ்சு எனவும் குட்டி எனவும் பிரிக்குமிடத்தில் தெலுங்கு ‘பில்ல’ என்னும் ஒன்றால் நிறைவு செய்கிறது. தெலுங்கிலும் தனிச்சொற்கள் இல்லாமலில்லை. புலி, சிங்கம் ஆகியவற்றின் குட்டிக்குக் ‘கூன’ என்னும் சொல்லும், ஆவின் கன்றுக்குத் ‘தூட’ என்னும் சொல்லும், யானைக் கன்றுக்குக் ‘குன்ன’ என்னும் சொல்லும் வழங்குகின்றன. எனினும் எதற்கும் ஒத்துவரும் பொதுச்சொல்லாகப் ‘பில்ல’ நிற்பதால் தெலுங்கு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிவு செய்யும் கட்டாயம் குறைவு. டோகெப்பி எவ்வினத்தது என்னும் ஐயத்தை அவர் அப்படியே காத்துவிடலாம்.

‘பில்ல’ என்பது தமிழ்ப் ‘பிள்ளை’யின் இனச்சொல் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தமிழிலும் பிள்ளை ஒருகாலத்தில் பரந்து வழங்கிய இளமைப் பெயரே. இன்று விலங்கு, பறவைகளைப் பொறுத்தவரை அதன் பொருள் மாறிவிட்டது. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்பன இன்று குட்டிகளை மட்டும் சுட்டுவதில்லை. முழு வளர்ச்சியுற்றவற்றையும் சுட்டும். இளமைப் பொருள் தேய்ந்து அன்புப் பொருளே எஞ்சியது. தென்னம்பிள்ளை ஒன்றில் இளமை இன்னும் நிற்கிறது. தமிழ் இழந்த பொருளைத் தெலுங்கு காத்துவருகிறது. இரு மொழியும் அறிந்த குழந்தை ‘எலுக பில்ல’ என்பதைக் கேட்டு, தமிழில் அதனை ‘எலிப்பிள்ளை’ எனச் சொல்லுமாயின், அதனைப் பிழையென ஒதுக்குவதைவிடப் பழைய வழக்கின் எதிரொலியாகக் காண்பது மொழியியலாளர்க்குத் தகும்.

ஆனால் அக்குழந்தைக்குத் தமிழ் வடிவில் ‘பேபி’ என்னும் சொல் மட்டுமே கிடைக்குமாயின் நிலைமை வேறு. தெலுங்கில் பில்ல, கூன, தூட எனத் தன் மொழியின் சொற்களைப் பெறும் குழந்தை, தமிழில் ஆங்கிலச் சொல்லைப் பெறும். பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பில்லாத அக்குழந்தைக்குக் குஞ்சு, குட்டி, கன்று என்னும் வேறுபாட்டைக் கற்பிக்கக் கூடியவை வீட்டுப் பேச்சும் இத்தகைய தொடர்களுமே. பசுவும் கோழியும் இல்லாத நகர வீட்டில் அவ்வாய்ப்பு மேலும் குறையும். ஆகவே கேலிச்சித்திரத்தில் வரும் ஒரு சொல் சிறியதாயினும் அதன் விளைவு சிறியதன்று.

7. வளர்தலும் உருமாறுதலும்

பிச்சூ பிக்காச்சூவாவதை ஆங்கிலமும் ஜப்பானியமும் உயிரியற் பரிணாமத்தைக் குறிக்கும் சொல்லாலேயே சுட்டுகின்றன. தமிழில் ‘பரிணாமம்’ என எழுதினால் மூலச்சொல்லுக்கு நேராகும், பொருளுக்கு நேராகாது. பரிணாமம் பல தலைமுறைகளில் நிகழ்வது; ஓர் உயிரின் வாழ்நாளில் நிகழ்வதன்று. பாடநூலில் பரிணாமம் பயிலும் மாணவனுக்கு இது குழப்பம் தரும்.

விளையாட்டிலேயே வேறுபாட்டுக்கு வழி உள்ளது. தன்னை வளர்ப்பவரோடு நட்பு மிகும்போது பிச்சூ பிக்காச்சூவாகிறது. பிக்காச்சூ ராய்ச்சூவாவதற்கு இடிக்கல் என்னும் புறப்பொருள் தேவை. முன்னது குழந்தை வளர்வது போன்றது. பின்னது மாற்றுருக் கொள்வது. முன்னதை ‘வளர்தல்’ எனவும் பின்னதை ‘உருமாறுதல்’ எனவும் பெயர்க்கலாம். பிச்சூவின் இயல்பும் இதற்கு இசைவானது. மின்னைத் தேக்கிவைக்கும் திறன் அதற்கு இன்னும் கைவரவில்லை. வெருண்டாலும் சிரித்தாலும் மின் தானே வெளிப்படும். சில வேளைகளில் அதனையே தாக்கும். தன் வலிமையைத் தானே ஆளத் தெரியாமையே அதன் குழந்தைத் தன்மை. அது நீங்குவதைத் தமிழர் வளர்தல் என்றே சொல்வர். கலைச்சொல் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பாருக்கு இரு நிலைகளுக்கும் ‘உருமாறுதல்’ என்பதையே பொதுவாகக் கொள்வதிலும் தடையில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: பிச்சூ என்னும் பெயர் ஒலியால் நிற்பது, குரலும் அதுவே, ஆகவே இறுதி நெடில் கெடாமல் ஒலிபெயர்த்தல் வேண்டும். அரும்பு போலப் பொருளால் நிற்கும் பெயர்களைப் பெயர்த்தல் வேண்டும். வகைப்பெயருக்குக் குட்டியெலி என்பதும், உரையாடலுக்குக் குஞ்சு என்பதும் ஏற்றன. இளமையைக் குறிக்கும் சொல் இனந்தோறும் வேறுபடல் வேண்டும்.

திருப்பதியில் 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997-இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் இந்நிலப்பகுதியிலேயே அமைந்துள்ளன. எல்லை வட்டாரத் தமிழிலும் தெலுங்கிலும் இன்று வழங்கும் இளமைப் பெயர்களைத் திரட்டி, இனவாரியாக ஒப்பிட்டு அமைக்கும் ஒரு சொற்பட்டியல் குரல்மாற்றப் பணியாளர்க்கும் குழந்தை இலக்கிய மொழிபெயர்ப்பாளர்க்கும் உடனடியாகப் பயன்படும். எந்த உயிருக்கு எந்தப் பெயர் என்னும் வினாவைத் தொல்காப்பியம் எழுப்பியபோது அதன்முன் இருந்தவை காட்டிலும் வீட்டிலும் வாழ்ந்த உயிர்கள். இன்று திரையில் பிறக்கும் உயிர்களும் அவ்வினாவின்முன் நிற்கின்றன. வினா மாறவில்லை, அதற்கு விடை சொல்லும் சொற்கள் தமிழில் இன்னும் உள்ளன. அவற்றை எடுத்து வழங்குவது மொழிபெயர்ப்பாளர் கடன்.